பத்திரம் யாருக்கு?

"பத்திரமாகப் போய் வா, கண்ணு" என்று மகளை வழியனுப்புகிறாள் கொங்கு நாட்டுத் தாய். அதே வீட்டின் பெட்டியில், பழந்துணியில் சுற்றி வைக்கப்பட்டிருப்பதும் பத்திரந்தான்; பூமிக்கு உரிய கிரயப் பத்திரம். காப்பையும் எழுத்தையும் ஒரே சொல்லால் குறித்தனர் நம் மக்கள். அந்த எழுத்து யாரைக் காக்கிறது என்பதே நாம் இங்கு எழுப்பும் கேள்வி.

கோவையிலோ பொள்ளாச்சியிலோ ஈரோட்டிலோ முகூர்த்த நாளொன்றில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்று பாருங்கள், தோழர்களே! கூட்டம் அலைமோதும். நல்ல நாள் என்று மக்கள் நம்புகின்ற நாட்களில் பதிவுத்துறையே கூடுதல் வரிசைச் சீட்டு வழங்குவது அண்மை ஆண்டுகளில் வழக்கமாகிவிட்டது. சட்டத்துக்கு இராகுகாலம் கிடையாது. சட்டத்தைத் தேடி வருவோர்க்குத்தான் உண்டு போலும்! அது கிடக்கட்டும்.

ஒரு தோட்டம் வாங்குமுன் நம்மவர் காட்டும் எச்சரிக்கையை நாம் குறைகூற மாட்டோம். முப்பதாண்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கின்றனர். மூலப் பத்திரம் எங்கே, பட்டா எவர் பேரில், கிணற்றில் பங்கு எத்தனை, வண்டித்தடம் யார் பூமி வழியாகப் போகிறது, பொழி எதுவரை என்று துருவித் துருவிக் கேட்கின்றனர். அதே மனிதர் மகளைக் கட்டிக் கொடுக்கும்போது கேட்பதென்ன? கூட்டம் எது, குலதெய்வம் எது, சாதகம் பொருந்துகிறதா என்பவைதாம். திருமணத்தைப் பதிவு செய்யலாமே என்றால், "ஊரே பார்த்த கல்யாணத்துக்குச் சர்க்கார் முத்திரை எதற்கு?" என்கிறார். ஊர் பார்க்காமலா அந்தத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக உழுதார்கள்? அதற்கு மட்டும் முத்திரை ஏன்?

சட்டமும் இவ்விரண்டையும் வேறு வேறாகத்தான் நடத்துகிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் விற்பனை பதிவு செய்த பத்திரத்தால்தான் நிறைவேறும். பதியாத கிரயத்தால் உரிமை கைமாறாது. திருமணமோ அப்படியன்று. 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், எம்மதத்தார் மணமாயினும் 90 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்கிறது. ஆனால் பதியாமையால் மட்டும் ஒரு மணம் செல்லாமற் போய்விடாது என்பது 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்திலேயே உள்ளது. நிலத்தில் பதிவே உரிமையைத் தருகிறது; மணத்தில் பதிவு சான்றாக மட்டும் நிற்கிறது.

இது முரண்பாடன்றோ என்று இளந்தோழர் கேட்கலாம். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினோம். சற்று ஆழ்ந்து நோக்கினால் நியாயம் புலப்படும். நிலம் வாங்குவோன் ஏமாந்தால் பணம் போகும். பதியாத மணம் மணமேயன்று என்று சட்டம் சொல்லிவிட்டால், பதிய மறந்த கணவன், அல்லது வேண்டுமென்றே பதியாது விட்ட கணவன், பத்தாண்டு கழித்து, "இவள் எனக்கு யாரோ" என்று கையை உதறிவிடுவான். தண்டனை குற்றம் செய்தவனுக்கன்று, அவளுக்கும் அவள் குழந்தைக்கும்.

வடிவத்தையே உயிராகக் கொண்டால் என்ன நேரும் என்பதை நம் இயக்கம் பட்டறிந்திருக்கிறது. அருமைக்காரர் நடத்தி வைக்கும் கொங்கு நாட்டு மணங்களில் புரோகிதர்க்கு இடமில்லை. அவற்றைப் பழைய வழக்காறு என்று சட்டம் ஏற்கும். ஆனால் புரோகிதரை அறிந்தே, அறிவாலே நீக்கிய சுயமரியாதைத் திருமணத்தை, 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏழடி நடக்கவில்லை, வழக்காறு என்பதற்குப் பழமையும் போதாது என்றது. பழக்கத்தால் நடந்தால் செல்லும், பகுத்தறிவால் நடந்தால் செல்லாது! மாலை மாற்றி ஊரறிய வாழ்ந்த இணையர் எத்தனையோ பேரின் மனைவி என்ற நிலையும், பிள்ளைகளின் சொத்துரிமையும் ஐயத்துக்கு இடமாயின. அண்ணா முதலமைச்சராயிருந்தபோது 1967-இல் சட்டமன்றம் நிறைவேற்றி, 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தக் களங்கத்தைத் துடைத்தது. முன்னர் நடந்த மணங்களுக்கும் அது செல்லும். இருவரும் தமக்குப் புரிந்த மொழியில் உறுதி கூறினாலும் போதும், மாலையோ மோதிரமோ மாற்றினாலும் போதும், தாலி கட்டினாலும் போதும்.

ஆகவே தாள் இல்லாததால் ஒருத்தியின் வாழ்வைப் பொய்யாக்கக் கூடாது என்பதில் நமக்கு ஐயமில்லை. அதனால் தாள் தேவையில்லை என்று ஆகிவிடுமா? மணநாள் ஒன்றே ஒருத்தியின் நிலத்தைப் பறித்த கதையைக் கேளுங்கள். பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. அறுபது ஆண்டு சென்று, 1989 மார்ச் 25 முதல், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போல் பங்குண்டு என்று தமிழ்நாடு சட்டம் செய்தது. இந்திய ஒன்றியம் அதைச் செய்தது 2005-இல்தான். ஆயினும் நம் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. அந்நாளுக்கு முன் மணமானவளுக்குப் பங்கு கிடையாது. அப்போது நிலத்தின் உரிமை மணத்தின் தேதியில் தொங்கிற்று. தேதிக்குச் சான்று? பெரும்பாலோரிடம் இருந்தது பழைய கல்யாணப் பத்திரிகையும், அண்ணன் சொல்லும் சாட்சியமுந்தான். அண்ணனோ எதிர்வழக்காடுபவன்! 2005-இன் திருத்தம் அந்த விலக்கை அகற்றிற்று. 2020-இல் உச்சநீதிமன்றம், மகளின் பங்கு பிறப்பாலேயே வருவது என்று உறுதி செய்தது.

எனவே பதியுங்கள் என்கிறோம். வலியவனுக்குத் தாள் எதற்கு? அவனுக்கு ஊர் உண்டு, உறவு உண்டு, வரப்பில் நிற்கத் தடியும் உண்டு. தாள் வேண்டியவள், தாளைத் தவிர வேறொன்றும் இல்லாதவள். சாதி கடந்து மணந்த இணையர்க்கு இது இன்னும் பொருந்தும். உற்றார் உறவினரை அழைத்து விளம்பரம் செய்தால்தான் மணம் செல்லும் என்பதில்லை என்று 2023-இல் உச்சநீதிமன்றம் நம் சுயமரியாதைத் திருமணச் சட்டத்துக்கு விளக்கம் தந்தது. சான்றிதழ் அரிவாளைத் தடுப்பதில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைக் கடைத்தெருவில் அதைக் கண்டோம்.

இனி, நம்மைத் தூங்கவிடாத ஒன்றைச் சொல்லவேண்டும். பதிவு அநீதியையும் அதே உறுதியோடு காக்கும். தந்தை மறைந்தபின் சகோதரியை ஒரு நல்ல நாளில் காரில் அழைத்து வருகின்றனர். பட்டுப்புடவை, பலகாரம், "உனக்குச் சீர் குறைவில்லாமல் செய்தோமே, அம்மிணி" என்ற பேச்சு. எழுத்தர் நீட்டுவது விடுதலைப் பத்திரம். பெயரைக் கவனியுங்கள், விடுதலை! பிறப்பால் வந்த பங்கிலிருந்து அவள் விடுதலையாகிறாள். அவளுடைய மணம் இன்னும் பதியப்படவில்லை; அதற்கு எவருக்கும் நேரமில்லை. இதற்கு மட்டும் முத்திரை, புகைப்படம், பெருவிரல் ரேகை, இரு சாட்சிகள். சட்டப்படி எல்லாம் சரி. சம்மதித்துத்தான் எழுதிக் கொடுத்தாயா என்று பதிவாளர் கேட்கிறார். அவள் அண்ணனைப் பார்க்கிறாள். தலையசைக்கிறாள்.

அண்ணனின் பிறந்தவீட்டு வாசலை அடைத்துக்கொள்ள அஞ்சும் ஒருத்தியின் தலையசைப்பைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ள எந்தப் பதிவேட்டுக்கும் முடியும். அச்சத்தை எழுத அதில் பத்தி கிடையாது. இதைப் படிக்கும் தோழர்களில் அண்ணன்மார் பலர் இருப்பீர்கள். அடுத்த முகூர்த்தத்தில் உங்கள் வீட்டுக் கார் அந்த அலுவலகத்துக்குப் புறப்படுமாயின், புறப்படுமுன் அந்தப் பத்திரத்தைத் தங்கைக்கு முழுதும் படித்துக் காட்டுங்கள். எத்தனை ஏக்கர், இன்றைய விலை என்ன, அவள் பங்கு எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவள் மாட்டேன் என்றால், காரை விட்டு இறங்குங்கள்.