பட்டைக்குள் பால், கையில் கத்தி

மலேசியாவின் செமினி வட்டாரத்தில் இன்று எங்கு திரும்பினாலும் வீடமைப்புப் பகுதிகள், கடை வரிசைகள். இதே மண்ணில் முன்பு ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று இங்குள்ள கோவில்களில் அமர்ந்து ஆன்மீக உரை கேட்கிறார்கள். எல்லாம் ஆண்டவன் செயல் என்றால் மனிதன் எதற்காக இவ்வளவு பாடுபட வேண்டும் என்ற கேள்வி அவர்களுக்குப் புதிதல்ல. லயத்து வாசலில் அமர்ந்து பாட்டன்மார் பேசிய கேள்விதான் அது.

இதே கேள்வியை நூற்றாண்டுக் கணக்கில் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தவர்கள் யூதர்கள். இறைவனை நம்பியிருப்பதை அவர்கள் ‘பிட்டஹோன்’ என்கிறார்கள். மனிதன் செய்யும் முயற்சிக்கு ‘ஹிஷ்டட்லுத்’ என்று பெயர். இரண்டில் எது பெரிது என்று பட்டிமன்றம் நடத்துவதோடு அவர்கள் நிற்கவில்லை. எவ்வளவு முயன்றால் போதும், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்றும் கேட்டார்கள். பதில் கடினமாவது அந்த இடத்தில்தான்.

யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான தல்மூதில் ஒரு வாதம் வருகிறது. உழவு காலத்தில் உழு, விதைப்புக் காலத்தில் விதை, கூடவே வேதமும் படி என்கிறார் ரபி இஷ்மவேல். ரபி சிமியோன் பார் யோகாய் இதை ஏற்கவில்லை. ஆண்டு முழுவதும் வயலிலேயே கிடப்பவன் வேதத்தை எப்போது படிப்பான்? இறைவன் சித்தப்படி நடந்தால் அவன் வேலையைப் பிறர் வந்து செய்து தருவார்கள் என்பது அவர் கட்சி. இருவரும் 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரியவர்கள். 4-ஆம் நூற்றாண்டில் பாபிலோனில் வாழ்ந்த அபாயே இந்த வழக்கை நடைமுறையை வைத்தே முடித்துவிடுகிறார்: இஷ்மவேல் வழியில் போன பலருக்குப் பலித்தது, சிமியோன் வழியில் போன பலருக்குப் பலிக்கவில்லை. அதே காலத்து ஆசிரியரான ராவா தம் மாணவர்களிடம், நீசான், திஷ்ரி ஆகிய இரண்டு மாதங்களிலும் தம் முன்னே வந்து நிற்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அவை அறுவடைக்கும் திராட்சை, ஒலிவ ஆலை வேலைக்கும் உரிய மாதங்கள். அந்த வேலையை முடித்துவிட்டால் ஆண்டின் மீதி நாட்களில் சோற்றுக் கவலை இல்லாமல் படிக்கலாம் அல்லவா! மாணவனின் வயிற்றையும் நினைத்துப் பார்த்த குரு அவர்.

11-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு சரகோசாவில் வாழ்ந்த யூத அறிஞர் பாஹ்யா இப்ன் பகூதா இன்னும் ஆழமாகப் போகிறார். இதயத்தின் கடமைகளைப் பற்றி அவர் அரபியில் எழுதிய நூலுக்குப் பத்து வாயில்கள், அதாவது பத்துப் பகுதிகள். நான்காவது வாயில் முழுவதும் இறைநம்பிக்கை. கடவுள் காப்பார் என்று விஷத்தைக் குடிப்பதும், தேவையில்லாமல் சிங்கத்தோடு மோதுவதும் நம்பிக்கை ஆகாது என்கிறார். எலி பிடிக்கும் இயல்பு பூனைக்குள் வைக்கப்பட்டிருப்பதுபோல, ஒவ்வொருவர் உடலுக்கும் மனத்துக்கும் ஏற்ற தொழில் உண்டு, அதைத் தேடிச் செய் என்கிறார். ஆனால் சோறு போடுவது அந்தத் தொழில்தான் என்று மட்டும் எண்ணிவிடாதே என்பது அவர் எச்சரிக்கை. கொடுப்பவன் வேறு, தொழில் அவன் திறந்துவிட்ட வழி.

பால் வெட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ரப்பர் மரத்தின் பட்டைக்குள் ஓடும் பாலை எந்தக் கத்தியும் உண்டாக்கியதில்லை. கத்தி படாமல் மங்கில் ஒரு சொட்டு விழுந்ததும் இல்லை. அந்த வெட்டுக்கும் ஓர் அளவு இருக்கிறது. மேலோடு சீவினால் பால் வராது. சற்று ஆழமாய்ப் போய், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள வளர்படலத்தைக் கத்தி தொட்டுவிட்டால் மரம் காயப்படும், அந்த இடம் முடிச்சு முடிச்சாகத் தடித்துவிடும். கைப்பழக்கம் உள்ளவர்கள் அதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்திவிடுவார்கள். மழையில் பட்டை நனைந்துவிட்டால் அன்று வெட்டு கிடையாது. ஒருநாள் வெட்டி மறுநாள் மரத்தை ஓயவிடுவது பல தோட்டங்களில் வழக்கம்.

யூத மரபிலும் இந்த ஓய்வு உண்டு. எகிப்தைவிட்டு வெளியேறிய யூத முன்னோர்களுக்கு வனாந்தரத்தில் மன்னா இறங்கியது. வானம் கொடுத்த அந்த உணவையும் காலையில் எழுந்து போய்த் தங்கள் கையால்தான் பொறுக்க வேண்டியிருந்தது. நாளைக்கு ஆகட்டும் என்று பதுக்கி வைத்தால் புழு வைத்து நாறியது. ஆறாம் நாள் மட்டும் இரண்டு பங்கு கிடைத்தது, அது கெடவும் இல்லை. ஏழாம் நாள் யாரும் பொறுக்கப் போகக்கூடாது. இன்றும் நெறி தவறாத யூதர் ஓய்வுநாளில் கடையை மூடுகிறார், வருமானம் போனாலும் மூடுகிறார். உழைப்பவர் கையை எடுத்து வைக்கும் அந்த ஒரு நாளில்தான் அவருடைய நம்பிக்கை எவ்வளவு என்பது தெரியும்.

தமிழருக்கும் இது அந்நியப் பேச்சு இல்லை. ஊழுக்கு 38-ஆம் அதிகாரத்தை ஒதுக்கிய வள்ளுவர், ஆள்வினையுடைமைக்கு 62-ஆம் அதிகாரத்தை வைத்தார். வைணவத்தில் வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையார் தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியைக் காட்டுகிறார்கள். பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையார் காட்டுவது, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியை.

இந்த நாட்டுத் தோட்ட மக்கள் இரண்டையும் சேர்த்தே வாழ்ந்தார்கள். 1957-ல் சுதந்திரம் வந்ததையொட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கின. வேலை போனது, அதோடு லயத்து வீடும் போனது. எத்தனையோ குடும்பங்கள் கோவில் மாரியம்மனை வணங்கிவிட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களோடு வெளியேறின. அவர்கள் நம்பிக்கை பொய்யா? 20-ஆம் நூற்றாண்டின் பெரிய யூத அறிஞர், ஹசோன் ஈஷ் என்று அழைக்கப்பட்ட ஆபிரகாம் கரேலிட்ஸ் (1878–1953), இதற்கு நேர்மையாகப் பதில் எழுதியிருக்கிறார். கேட்டது கிடைத்தே தீரும் என்று எண்ணுவதை அவர் இறைநம்பிக்கையாக ஏற்கவில்லை. நடப்பது எதுவும் தற்செயல் இல்லை, எல்லாம் இறைவன் அறிந்தே நடக்கிறது என்று இருப்பதுதான் நம்பிக்கை என்கிறார். ஆறுதலுக்காக இனிப்பாகச் சொல்லாத இந்தப் பதில்தான், பிடுங்கி எறியப்பட்ட மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தகுந்த பதில்.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட அந்த நேரத்தில்தான், 1960-ல், மஇகா கட்சியின் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பேசினார். மாதம் பத்து வெள்ளி, பத்து மாதம் கட்டினால் நூறு வெள்ளிக்கு ஒரு பங்கு. பால் வெட்டிப் பிழைத்த வீட்டில் பத்து வெள்ளி சிறிய தொகையல்ல. கட்டினார்கள். அடுத்த ஆண்டு கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அந்தக் கூட்டுறவுச் சங்கத்தின் சொத்தானது. அதன்பின் வேறு தோட்டங்களும் வந்தன.

அன்பர்களே, அந்தச் சங்கம் கோலாலம்பூரில் இன்றும் இயங்குகிறது. வீட்டு அலமாரியில் தாத்தாவின் பெயரிலோ பாட்டியின் பெயரிலோ ஒரு பழைய பங்குச் சான்றிதழ் இருந்தால், அதை எடுத்துப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். அந்தப் பத்து வெள்ளியை எப்படி மிச்சம் பிடித்தார்கள் என்று தெரிந்த பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.