எதையும் சாராத ஊஞ்சல்

ஜவ்வாது மலையில் ஒரு வலை ஊஞ்சலில் படுத்துக்கிடக்க இனி இரண்டு மரங்கள் தேவையில்லை. கழற்றிப் பையில் அடைத்து, மலைமேலுள்ள ஜமுனாமரத்தூர் வரை காரில் கொண்டுபோய், சில நிமிடங்களில் பூட்டி நிறுத்திவிடக்கூடிய இரும்பு ஸ்டாண்டுகள் வந்துவிட்டன. ஆணி வேண்டாம், குழி வேண்டாம், சமதரை கிடைத்தால் போதும். எதன் துணையும் இல்லாமல் தானே நிற்கும் என்பதுதான் இதன் விற்பனைப் பெருமை. அந்தப் பெருமைக்குள் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. எதையும் சாராமல் ஒன்று நிற்க முடியுமா? அப்படி நிற்பதுதான் விடுதலையா? முதலில் இரும்பையே கேட்போம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் படுத்திருக்கிறார். இருபுறக் கயிறும் கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்வில் இருக்கின்றன. ஒவ்வொரு கயிறும் பாதி எடையாகிய 35 கிலோவைத்தான் தாங்கும் என்று தோன்றும். உண்மையில் ஒவ்வொரு கயிற்றிலும் ஏறக்குறைய அவருடைய முழு எடை அளவுக்கு இழுவிசை இருக்கும். கயிறு கீழே மட்டும் இழுப்பதில்லை. இரு முனைகளையும் உட்புறமாகவும் இழுக்கிறது, அந்தப் பக்க இழுப்பே 60 கிலோவுக்குச் சமம். விறைப்பாகக் கட்டினால் இன்னும் கூடும். மரத்தில் கட்டியிருந்தால் அடிமரம் அதை வேருக்கும், வேர் மண்ணுக்கும் கடத்திவிடும். ஸ்டாண்டிலோ மண்ணுக்குப் போவது எடை மட்டும். தலைமாட்டு இழுப்பும் கால்மாட்டு இழுப்பும் அடியில் கிடக்கும் நீளக் குழாயை இருபுறமிருந்தும் நெருக்கி, அதற்குள்ளேயே ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்கின்றன. சார்பு ஒழியவில்லை; கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிருக்கிறது. (யாரையும் நம்பி நான் இல்லை என்று சொல்லிக்கொள்பவரின் வீட்டில் அந்த இழுப்பைத் தாங்குவது யார் என்று அடுக்களையில் விசாரித்தால் தெரியும்.)

தமிழில் நடந்த சமய வாதங்களில் ஒன்றையொன்று கடுமையாக மறுத்த இரண்டு தரப்புகள், பௌத்தமும் சைவ சித்தாந்தமும், சார்பு என்ற இந்த ஒரு விஷயத்தில் அருகருகே வருகின்றன. பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் கடைசிக் காதையில் அறவண அடிகள் பன்னிரண்டு சார்புகளை விளக்குகிறார்: பேதைமை தொடங்கிப் பிறப்பு, மூப்பு, சாவு வரை ஒவ்வொன்றும் முந்தியதைப் பற்றியே எழுகிறது, தனியாக எழுவது எதுவுமில்லை. சைவ சித்தாந்தம் பௌத்தத்தை ஏற்கவில்லை. சிவஞான சித்தியாரின் பரபக்கம் அதை வரிசையாக மறுக்கிறது. ஆன்மா என்று ஒன்று உண்டு என்பது சித்தாந்திகளின் உறுதி. ஆனால் அந்த ஆன்மாவின் இயல்பைச் சொல்லும்போது, எதைச் சேர்கிறதோ அதன் தன்மையை அடைவது என்றுதான் சொல்கிறார்கள். மலத்தை, அதாவது உயிரைப் பிணிக்கும் அழுக்கை, சேர்ந்தால் மலம், சிவத்தைச் சேர்ந்தால் சிவம். எதையும் சேராமல் நிற்கும் மூன்றாவது நிலை அதற்கு இல்லை. ஆகவே இங்கே விடுதலை என்பது பற்றுக்கோட்டை விட்டுவிடுவதல்ல, மாற்றிக்கொள்வது. ஜவ்வாது மலையின் பெயர் வெளியூர்களில் அறியப்பட்டதற்குக் காரணமான சந்தன மரம் இந்தக் கருத்துக்கு வைத்த சாட்சி போல இருக்கிறது. சந்தனம் பாதி ஒட்டுண்ணி. அதன் வேர்கள் பக்கத்திலிருக்கும் செடிகளின் வேர்களைத் தேடிப் பிடித்து, அவற்றிலிருந்து நீரும் உப்புச் சத்தும் எடுத்துக்கொள்கின்றன. நாற்றங்காலிலேயே துவரை போன்ற துணைச்செடியோடு அதை வளர்ப்பது இதனால்தான். திருப்பத்தூர் அரசுக் கிடங்கில் எடை போட்டு ஏலம் விடப்படும் அந்த வைரம் பாய்ந்த கட்டையின் மணத்தில், பெயர் தெரியாத அண்டைச் செடிகளின் பங்கும் இருக்கிறது.

இதற்கு ஒருவர் நியாயமாகவே மறுப்புச் சொல்லலாம்: ஸ்டாண்ட் மரத்தைக் காப்பாற்றுகிறதே, மெல்லிய கயிறு அழுத்தினால் பட்டை காயப்படாதா, இன்னொரு உயிர்மேல் நம் சுமையை ஏற்றாமலிருப்பது அறம்தானே? அறம்தான். காப்புக்காட்டில் கண்ட மரத்தில் கயிறு கட்டுவதைவிட ஸ்டாண்ட் மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பிறர்மேல் சுமை ஏற்றாதிருப்பது வேறு, பிறர் எனக்குத் தேவையில்லை என்பது வேறு. முன்னது கருணை. பின்னது கணக்குப் பிழை, ஏனென்றால் அந்த இரும்பும் எங்கோ ஒரு மலையை வெட்டி எடுத்ததுதான். இதே மலைச்சரிவுகளில் நிலத்தில் வேலை செய்யும் பெண், கிளையில் புடவையால் ஏணை கட்டிப் பிள்ளையைப் போடுகிறாள். எந்தக் கிளை தாங்கும், எது முறியும், வெயில் எந்தப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். தான் எதை நம்பியிருக்கிறாள் என்ற அறிவு அவளிடம் இருக்கிறது. ஸ்டாண்டில் படுத்திருப்பவருக்கு அது அவசியப்படுவதில்லை.

இன்னும் கனமான மறுப்பு துறவியிடமிருந்து வரும். பற்றறுத்தல்தான் நம் சமயங்களின் உச்சம் என்றால், சாராமல் நிற்பதைக் குறை சொல்ல முடியுமா? இதற்குப் பதில் தேட வெகுதூரம் போகவேண்டாம். மலையின் அடிவாரப் பக்கம், போளூருக்கு அருகே திருமலை என்ற சமணத் தலம் இருக்கிறது. அங்கே பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் நேமிநாதர் 16 அடிக்கு மேல் உயரமாக, உடலையே விட்டுவிட்டவராக நின்றகோலத்தில் இருக்கிறார். இதைவிடத் தனிமையான நிலையைக் கற்பனை செய்வது கடினம். ஆனால் அந்தத் தலத்துக் கல்வெட்டு சொல்வது வேறு கதை: முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், அங்குள்ள குந்தவை ஜினாலயத்தின் விளக்குக்கும் அமுதுக்கும் ஒரு வணிகரின் மனைவி காசு கொடுத்திருக்கிறார். திகம்பரத் துறவி நாளுக்கு ஒரு வேளை, நின்றபடி, இல்லறத்தார் தருவதைக் கையில் ஏந்தி உண்கிறார். பாத்திரம்கூட வைத்துக்கொள்வதில்லை, நாளைக்கென்று சேர்ப்பதுமில்லை. அவர் அறுத்தது உடைமையை, தன்முனைப்பை. சார்பை அவர் மறைக்கவில்லை. பட்டப்பகலில் தெருவில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார். நிறைந்த களஞ்சியம் வைத்திருக்கும் இல்லறத்தான்தான் தன் சார்பை மறைத்துக்கொள்ள வசதி உள்ளவன்.

மலையிலிருந்து இறங்கித் திருவண்ணாமலைக்குப் போனால், மரமில்லாத ஊஞ்சல் அங்கே வெகுகாலமாகவே இருக்கிறது. கார்த்திகைத் தீபத் திருவிழாவில், வேண்டிப் பிள்ளை பெற்றவர்கள் கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் புடவைத் தொட்டில் தொங்கவிட்டு, குழந்தையைக் கிடத்தி, இரு முனையையும் தோளில் தாங்கி மாடவீதி வலம் வருகிறார்கள். பக்க இழுப்பைக் கரும்பு வாங்கிக்கொள்ள, தோளுக்கு எடை மட்டும் வருகிறது. பொறியியல் என்று பார்த்தால் இரும்பு ஸ்டாண்டின் கணக்கேதான். வித்தியாசம், இந்தத் தாங்கியின் கால்கள் இரண்டு மனிதர்கள். முன்னால் போகிறவர் எட்டி நடந்தால் பின்னால் வருபவருக்கு அக்கணமே தெரியும். இந்த வேண்டுதலின் பின்னணியில் சொல்லப்படுவது, பிள்ளையில்லாத வல்லாள மகாராஜனுக்கு அண்ணாமலையாரே மகனாக வந்த கதை. 14ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையிலிருந்து ஆண்ட போசள மன்னன் மூன்றாம் வல்லாளனே அந்த மகாராஜன் என்பார்கள். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்கு எழுந்தருளி, அந்தத் தந்தைக்குத் திதி கொடுக்கிறார். புராணக் கதை தத்துவ வாதத்துக்குச் சான்றாகுமா என்று கேட்கலாம். கதை நடந்ததா என்பதற்குச் சான்றாகாது. ஆனால் அதைப் போற்றும் மக்கள் எதை மேன்மையாகக் கருதினார்கள் என்பதற்குச் சான்றாகும். சைவம் இறைவனுக்கு எட்டுக் குணங்களைச் சொல்லும்போது அவற்றில் ஒன்றாகத் தன்வயத்தனாதலை, அதாவது பிறிதொன்றைச் சாராமல் தானாக நிற்பதை, வைத்திருக்கிறது. அந்தத் தகுதி அவனுக்கே உரியது. அப்படிப்பட்டவனை ஒரு மனிதனுக்கு மகனாக்கி, கடன்படுத்தி, ஆற்றங்கரைக்கு அழைத்துப்போய் எள்ளும் நீரும் இறைக்கவைத்தார்கள் என்றால், தனித்து நிற்பதையே உயர்வின் எல்லையாக அவர்கள் கருதியிருக்க வழியில்லை.