பச்சைத் தண்ணீர்

எங்கள் தாமானுக்குப் பின்னால் மழைநீரைத் தேக்க வெட்டிய குளம் ஒன்று இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அங்கே நடக்கப் போனபோது அப்பா கேட்டார்.

“தண்ணி ஏன்டா பச்சை பெயிண்ட் ஊத்தின மாதிரி இருக்கு?”

“பாஸ்பரஸ்பா. பாசிக்கு அது உரம். கடைக் கழிவு, புல்லுக்குப் போடுற உரம், எல்லாம் மழையோட வந்து சேருது.”

“எடுக்க முடியாதா?”

“முடியும்.”

“அப்புறம்?”

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை வடிவமைக்கும் பொறியாளன் நான். அந்த ‘அப்புறம்?’ என்னிடம் கேட்கப்பட வேண்டிய கேள்விதான்.

மனித உடல் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிராம் பாஸ்பரஸை வெளியேற்றுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் சுமார் 80 லட்சம் பேர். கணக்குப் போட்டால் தினமும் 8 டன். நைட்ரஜனை நுண்ணுயிர்களைக் கொண்டு வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்பலாம். பாஸ்பரஸுக்கு அந்த வழி கிடையாது. சேற்றில் பிடித்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரோடு போகும்.

2009ஆம் ஆண்டின் மலேசியக் கழிவுநீர் விதிமுறைகள், ஏரி போன்ற தேங்கிய நீர்நிலையில் விடும் நீருக்குப் பாஸ்பரஸ் வரம்பு வைத்திருக்கின்றன: லிட்டருக்கு 5 அல்லது 10 மில்லிகிராம். ஆற்றில் விட்டால் வரம்பு இல்லை. குளம் தேங்கி நிற்பதால் காட்டிக் கொடுக்கிறது. ஆறு ஓடிவிடுவதால் மறைத்துவிடுகிறது. ஆனால் கிள்ளான் ஆறு ஓடிப்போய் விழும் மலாக்கா நீரிணையும் யாரோ மீன் பிடிக்கும் இடம்தான்.

ஆற்றில் நீர் விடும் நிலையம் ஒன்றின் வரைபடத்தில், படிகாரம் கலந்து பாஸ்பரஸைப் படியவைக்கும் தொட்டியைச் சேர்த்திருந்தேன். “ரூல்ஸ்ல கேக்குதா?” என்றார் மேலதிகாரி. இல்லை. படிகாரச் செலவு, கூடுதல் சேறு, அதை ஏற்றிப்போகும் லாரி, இதற்கெல்லாம் யார் காசு கொடுப்பது? அவர் கேட்டதும் நியாயம்தான். தொட்டியை அழித்துவிட்டு, என் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

எந்த விதியையும் மீறவில்லை. அப்படியானால் யார் குற்றவாளி? கழிப்பறைக்குப் போனது பாவமா? ‘எல்லோருக்கும் பொறுப்பு’ என்று சொல்லி முடிக்கலாம். அப்படிச் சொன்னால் யாருக்கும் பொறுப்பில்லாமல் போகிறது. அப்பாவின் ஒரு கிராமும் என் ஒரு கிராமும் எடையில் ஒன்றுதான். ஆனால் குழாய் எங்கே போய் முடிகிறது என்று எனக்குத் தெரியும், அதை வரையும் வேலையும் என்னுடையது. தெரிந்தவனுடைய பங்கைத் தராசு காட்டாது.

பாட்டி தோட்டத்தில் உரம் போட்டவர். வாளியிலிருந்து அள்ளி மரத்தைச் சுற்றிப் போடும்போது ஒரு பிடி சிந்தினாலும் கங்காணி திட்டுவாராம். எங்கோ பாறையை வெட்டிக் கப்பலில் கொண்டுவந்த பாஸ்பரஸ் அதிலும் இருந்தது. அன்று ஒரு பிடிக்குக் கணக்குக் கேட்க ஆள் இருந்தது.

அடுத்த திட்டத்தின் வரைபடம் இப்போது என் மேசையில் இருக்கிறது. தொட்டியை மறுபடியும் போட்டிருக்கிறேன், இந்த முறை செலவுக் கணக்கோடு. செவ்வாய்க்கிழமை கூட்டம். மறுபடியும் அழிக்கச் சொல்லலாம். சொன்னால் என்ன செய்வேன் என்று இன்னும் அப்பாவிடம் சொல்லவில்லை.