கிடந்த கல் கிடக்கட்டும்



கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலே ஆறு நாளும் இரும்பின் வெக்கையிலும் இயந்திர இரைச்சலிலும் உழைத்துவிட்டு, ஏழாவது நாள் நல்ல காற்றைத் தேடிப் புறப்படும் இளைஞர்கள், பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து குடியம் கிராமத்துக்கு வந்து, வழிகாட்டியோடு காட்டுப் பாதையிலே குகையை நோக்கி நடப்பதைக் காணும்போது, எனக்குச் சந்தோஷமும் கவலையும் சேர்ந்தே உண்டாகின்றன.

பாட்டிலையும் பொட்டலத் தாளையும் அங்கே போடக்கூடாது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். குகையில் கிராமத்தார் வழிபடும் அம்மனும், விதானத்தில் தேனடைகளும் இருப்பதால் கூச்சலும் புகையும் ஆகா என்பதை வழிகாட்டியே சொல்லிவிடுவார். என் மனத்தை உறுத்துவது, நாம் அங்கிருந்து எடுத்து வரும் பொருள்.

காலில் இடறும் கூழாங்கல் ஒன்றைக் குனிந்து பாருங்கள். பழுப்பேறிய மேனியோடு உருண்டு திரண்டிருக்கும் அதன் ஒரு பக்கம் மட்டும் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து, ஓரம் கூராக நிற்குமானால், அது ஆதி மனிதன் கையில் பிடித்துச் செதுக்கிய ஆயுதமாக இருக்கலாம். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி 1863ஆம் ஆண்டு, அருகிலுள்ள அதிரம்பாக்கத்தில் இத்தகைய கைக்கோடரிகளைக் கண்டார். பிற்காலத்தில் சாந்தி பப்பு முதலான அறிஞர்கள் அவ்விடத்தை அடுக்கடுக்காக அகழ்ந்து, கற்கள் எத்தனை காலம் மண்ணுக்குள் புதைந்திருந்தன என்று கணித்து, அவற்றில் பழமையானவற்றின் பிராயம் சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் வெளியிட்டார்கள். கிடந்த இடமும் ஆழமும் தெரிந்த கற்களாதலால் அக்கணக்குக் கைகூடிற்று. ஞாபகார்த்தமாக ஒருவர் சட்டைப்பையில் போட்டுவந்து அலமாரியில் வைத்த கல்லை எந்தப் பண்டிதராலும் பேசவைக்க இயலாது. பாதையை விட்டுக் குறுக்கே சரிவில் இறங்குவதும் அவ்வளவே கேடு; காலடியில் தளர்ந்த மண்ணை அடுத்த மழை அரித்துப்போக, லட்சம் ஆண்டு அசையாதிருந்த கல் ஓடைக்குப் போய்விடுகிறது.

ஒருமுறை நான் அங்கே சென்றிருந்தபோது, முன்னால் நடந்த தொழிலாளத் தம்பி ஒருவர் அப்படியொரு கல்லைக் கையிலெடுத்து வியந்து நின்றார். வழிகாட்டியாக வந்த உள்ளூர்ப் பையன், "பாத்துட்டு அங்கேயே வெச்சிடுங்க அண்ணா" என்றான். அவர் மறுவார்த்தை பேசாமல், கல் இருந்த பள்ளத்தைத் தேடி, ஈரமண் ஒட்டியிருந்த பக்கம் கீழே வரும்படி திருப்பி, மெதுவாக வைத்துவிட்டு நடந்தார்.