மாறிய பலகைகளும் மாறாத கப்பலும்

ஒரு நாடோ மாநிலமோ ஒரு பறவையையோ மலரையோ மரத்தையோ தன் சின்னமாக அறிவிக்கும்போது அது தேர்ந்துகொள்வது ஓர் இனத்தை. தமிழ்நாட்டின் சின்னமாகிய மரகதப்புறா என்பது இன்ன சோலையில் இன்ன கிளையில் அமர்ந்திருந்த ஒரு புறாவைக் குறிப்பதில்லை. ஒரு புறா மடிந்தாலும் இனம் குஞ்சு பொரித்துத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், காடு உள்ளவரை சின்னத்துக்குக் குறைவு வராது. கப்பலைச் சின்னமாக்கிக்கொள்ளும் அரசுக்கு இந்த நிம்மதி கிடையாது. கப்பல் என்பது ஒரே ஒரு தனிப்பொருள். இன்ன துறையில் இன்ன நாளில் நீரில் இறங்கியது என்று பிறப்புக் கணக்கு உடையது. மழையில் ஊறும், பலகை இடுக்குகளை அடைத்த கலப்பற்று விட்டுப்போகும், கவனியாது விட்டால் சில பத்தாண்டுகளில் மக்கிப்போகும். அழியும் தனிப்பொருளொன்றை அழியாத பொருளுக்கு அடையாளமாக நிறுத்தும் இச்செயலுக்குள், சட்டம் இயற்றுவோர் பெரும்பாலும் கருதிப்பாராத ஒரு பழைய தத்துவக் கேள்வி அடங்கியிருக்கிறது.

அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஒரு பாதுகாப்புத் துறைச் சட்டத்தின் வழியாக, பாஸ்டன் துறைமுகத்தில் நிற்கும் ‘யு.எஸ்.எஸ். கான்ஸ்டிடியூஷன்’ என்ற பாய்மரப் போர்க்கப்பலைத் தன் அரசுக் கப்பலாக அறிவித்தது. வெளிநாட்டுத் தலைவர்களை வரவேற்பது, கடல் சார்ந்த ஒப்பந்தங்களில் கையெழுத்திடுவது போன்ற அரசுச் சடங்குகளுக்கு அதைப் பயன்படுத்த வேண்டும் என்றும் அச்சட்டம் பரிந்துரைத்தது. 1794இல் நாடாளுமன்றம் கட்டளையிட்ட ஆறு ஃபிரிகேட் கப்பல்களில், அதாவது விரைந்து செல்லக்கூடிய நடுத்தரப் போர்க்கப்பல்களில், இது ஒன்று. ஜோஷுவா ஹம்ஃப்ரீஸ் வடிவமைக்க, 1797 அக்டோபர் 21 அன்று நீரில் இறங்கியது. 1812 ஆகஸ்டில் ‘கெரியர்’ என்ற ஆங்கிலேயக் கப்பலோடு நடந்த போரில் பீரங்கிக் குண்டுகள் இதன் தடித்த ஓக் மரப் பக்கங்களில் பட்டுத் தெறித்து விழக் கண்ட மாலுமிகள், ‘இரும்பு விலா’ எனப் பொருள்படும் பட்டப்பெயரை இதற்குச் சூட்டினர். அப்பெயர் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

ஆனால் அந்தக் குண்டுகளைத் தாங்கிய மரத்தில் இன்று எஞ்சியிருப்பது பத்து முதல் பதினைந்து விழுக்காடு மட்டுமே என்று மதிப்பிடுகிறார்கள். எஞ்சியதும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியில், ஏரா எனப்படும் அடிமரத்தையும் அதிலிருந்து விலா எலும்புகள்போல் கிளைக்கும் வங்குக்கால்களையும் ஒட்டியே உள்ளது. மேல்தளம், பக்கப் பலகைகள், பாய்மரங்கள், கயிறுகள், பாய்கள் எல்லாம் பலமுறை மாறிவிட்டன. பார்வையாளர் கைவைத்துத் தடவி, 1812இன் வீரத்தைத் தொட்டதாக மெய்சிலிர்க்கும் பலகை, அநேகமாக அவருடைய பாட்டனார் காலத்துக்குப் பின் அறுத்துப் பொருத்தியதாகவே இருக்கும். அப்படியானால் சட்டம் எதைச் சின்னமாக்கியது: மரத்தையா, வடிவத்தையா, பெயரையா?

இக்கேள்வியை முதலில் எழுப்பியதும் ஓர் அரசுக் கப்பல்தான். கிரீட் தீவுக்குத் திறையாக அனுப்பப்பட்ட ஏழு இளைஞரையும் ஏழு கன்னியரையும் மீட்டு வந்த தீசியஸின் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார், பழுதுபட்ட பலகைகளை நீக்கிப் புதியன பொருத்தி, பலேரத்து டெமெட்ரியஸின் காலம்வரை, அதாவது கிறித்துவுக்கு முந்திய நான்காம் நூற்றாண்டின் இறுதிவரை, காத்துவந்தனர் என்று புளூட்டார்க் எழுதுகிறார். வளர்வனவற்றைப் பற்றி வாதிட்ட மெய்யியலாருக்கு அக்கப்பலே எடுத்துக்காட்டாயிற்று. ஒரு சாரார் அது அதே கப்பல் என்றனர், மறுசாரார் அல்ல என்றனர். பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் இப்புதிரை மேலும் இறுக்கினார்: கழித்த பழம்பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து, அதே வரிசையில் மறுபடி கோத்து இரண்டாவது கப்பலொன்று செய்வானாயின், இரண்டில் எது தீசியஸின் கப்பல்? இதை வெறும் ஏட்டுப் புதிர் என்று ஒதுக்கிவிட முடியாது. 1920களில் ‘கான்ஸ்டிடியூஷன்’ கப்பலைச் செப்பனிடப் பள்ளிப் பிள்ளைகளிடம் காசு காசாகத் திரட்டியபோது, கப்பலிலிருந்து கழித்த மரத்தையும் உலோகத்தையும் நினைவுப் பொருள்களாகச் செய்து விற்றார்கள். போரைக் கண்ட மரம் புத்தகத் தாங்கியாகவும் படச் சட்டமாகவும் அமெரிக்க வீடுகளின் அலமாரிகளில் சிதறிக் கிடக்கிறது. போரைக் காணாத மரம் துறைமுகத்தில் அரசுக் கப்பலாக நிற்கிறது.

இந்தியத் தருக்க மரபு இதைப் பிரத்தியபிஞ்ஞை என்னும் தலைப்பில் ஆராய்ந்தது. முன்பு கண்டதன் நினைவும் இப்போது காண்பதன் காட்சியும் ஒன்றுகூடி ‘அதுவே இது’ என்று எழும் அறிவு பிரத்தியபிஞ்ஞை. ‘அந்தத் தேவதத்தனே இவன்’ என்பது அதற்கு மரபாகக் காட்டும் சான்று. நியாய நூலார் இவ்வறிவைப் பொருளின் நிலைபேற்றுக்கு ஆதாரமாகக் கொள்ள, பௌத்தர் மறுத்தனர்: வெட்டிய நகம் மீண்டும் வளர்ந்தால் அதே நகம் என்றே தோன்றும், ஒப்புமையை ஒருமையாக மயங்கும் அறிவு அது. மிலிந்த பஞ்ஹாவில் நாகசேனர் மன்னன் மிலிந்தனுக்குத் தேரைக் காட்டி, அச்சும் சக்கரமும் நுகமும் தனித்தனியே தேர் அல்ல, அவற்றுக்கு அப்பாலும் தேர் இல்லை, அவை கூடியவிடத்து வழங்கும் பெயரே தேர் என்று நிறுவியபின், இரவு முழுதும் எரியும் விளக்கைச் சொல்கிறார். முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றல்ல. ஆயினும் எரிந்தது ஒரே விளக்கை ஆதாரமாகக் கொண்டே. பலகைகளில் அதே கப்பலைத் தேடி ஏமாந்தவர்களுக்கு இவ்விளக்கு வழிகாட்டுகிறது; எனினும் அது ஒன்றைச் சொல்லாமல் விடுகிறது. விளக்கு தானே எரியும், எண்ணெய் உள்ளவரை. கப்பல் தானே தொடராது. யாரோ ஒருவர் ஒவ்வொரு தலைமுறையிலும் தொடரச் செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் அறிந்த ஒரு வழக்கம் மெய்யியல் நூல்களைவிடத் தெளிவாகப் பேசுகிறது. தமிழ்நாட்டு அரசின் முத்திரையில் உள்ளது கோவில் கோபுரம். புறாவைப் போலன்றி, கப்பலைப் போல, அதுவும் மனிதர் கட்டியது, காலந்தோறும் பழுது பார்க்க வேண்டியது. கோவில் திருப்பணியின்போது மூர்த்தியின் சக்தியைக் கலசத்து நீருக்கு மாற்றுவது கலாகர்ஷணம். பணி முடியும்வரை வழிபாடு நடைபெறும் தற்காலிகச் சந்நிதி பாலாலயம். புதுப்பித்த இடத்தில் மந்திர நீரை ஊற்றி மீண்டும் நிலைநிறுத்துவது கும்பாபிஷேகம். சுதை உதிர்ந்த கோபுரத்துக்குப் புதுச் சுதை பூசியபின் ‘இது பழைய கோவிலா’ என்று எந்தப் பக்தரும் கலங்குவதில்லை, ஏனெனில் பூசை ஒருநாளும் அறுபடவில்லை. பொருளின் தொடர்ச்சியை அம்மரபு கல்லிடம் ஒப்படைக்காமல் கடமையிடம் ஒப்படைத்திருக்கிறது.

ஏதென்ஸின் கப்பலும் இவ்வாறே நிலைத்தது. அது காட்சிப் பொருளாக வைத்த கப்பல் அன்று. பிள்ளைகள் மீண்டால் ஆண்டுதோறும் டெலோஸ் தீவுக்குத் தூது அனுப்புவதாக அப்போலோ தெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட நேர்த்திக்கடனைச் செலுத்தக் கடலேறிய கப்பல். அப்போலோவின் பூசாரி அதன் பின்னணியத்தில் மாலை சூட்டியது முதல் அது திரும்பும்வரை நகரம் தூய்மை காக்க வேண்டும், யாரையும் கொல்லலாகாது. கி.மு. 399இல் சாக்ரட்டீசின் வழக்குக்கு முந்திய நாள் அம்மாலை சூட்டப்பட்டிருந்ததால், தீர்ப்பளித்த பின்னும் நஞ்சூட்ட முடியாமல் நகரம் ஏறத்தாழ ஒரு மாதம் காத்திருந்தது. அந்த நாள்களில் சிறையில் நடந்த உரையாடல்கள் உலகுக்குக் கிடைத்தன. ஓர் அரசுச் சின்னம் அரசின் கையையே கட்டிவைத்த காட்சி இது. சின்னத்துக்கு உரிய தகுதி இதைவிடத் தெளிவாக வேறெங்கும் வெளிப்பட்டதாகத் தெரியவில்லை: அரசு தன்னைப் புகழ்ந்துகொள்ளக் கண்டெடுத்த அணிகலனாக இராமல், அரசு மீற முடியாத வாக்கின் உருவமாக அது நின்றது.

இவ்வளவுகோலைக் கையில் வைத்துப் பார்த்தால், அமெரிக்க மாநிலங்கள் தெரிந்தெடுத்த கப்பல்கள் ஒரே தரத்தன அல்ல. டெக்சஸ் தன் பெயர் தாங்கிய போர்க்கப்பலையும், மெய்ன் ஆர்க்டிக் ஆய்வுக்குச் சென்ற ‘பௌடின்’ கப்பலையும் தேர்ந்தன. பெருமிதம் இயல்பானது, அதில் குறைகாண ஏதுமில்லை. கனெக்டிகட் மாநிலம் 2003இல் தன் கொடிக்கப்பலாக ஏற்ற ‘அமிஸ்டாட்’ வேறு வகையைச் சேர்ந்தது. 1839இல் கியூபாவின் கரையோரம் அப்பெயருடைய கப்பலில் ஐம்பத்து மூன்று ஆப்பிரிக்கர் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். மெண்டே இனத்தவரான செங்பே பியே ஓர் ஆணியைக் கண்டெடுத்து, அதைக்கொண்டு விலங்கைத் திறந்தார். கைதிகள் கப்பலைக் கைப்பற்றிக் கிழக்கே ஆப்பிரிக்கா நோக்கிச் செலுத்தச் சொன்னார்கள். உயிரோடு விடப்பட்ட அடிமை உரிமையாளர் பகலில் கிழக்கேயும் இரவில் வடக்கேயும் திருப்ப, கப்பல் லாங் ஐலண்டுக் கரையில் பிடிபட்டது. நியூ ஹேவன் சிறையில் அவர்களை அடைத்துக் காசு வாங்கிக்கொண்டு ஊராருக்குக் காட்டினார்கள். முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் அவர்களுக்காக வாதாடினார். 1841 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம், அவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் கடத்தப்பட்ட சுதந்திர மனிதர் என்று தீர்ப்பளித்தது. எஞ்சிய முப்பத்தைந்து பேர் சியரா லியோனுக்குத் திரும்பினர்.

அந்தப் பழைய கப்பலின் ஒரு பலகையும் இன்று இல்லை. அது விற்கப்பட்டுப் பெயர் மாறி மறைந்துவிட்டது. இன்றைய ‘அமிஸ்டாட்’ 2000 மார்ச்சில் மிஸ்டிக் துறையில் புதிதாகக் கட்டி நீரில் இறக்கியது. மரத்தை அளவுகோலாகக் கொள்வார்க்கு இது போலி. நியாய நூலார் இதைக் கண்டு ‘அதுவே இது’ என்று சொல்ல மாட்டார். ஆயினும் இதை ஏற்றபோது அம்மாநிலம் தன் சிறையையும் ஏற்றுக்கொண்டது. அடிமைமுறையை 1848இல்தான் முற்றாக ஒழித்த மாநிலம் அது. பத்தில் ஒரு பங்கு பழமரம் உள்ள கப்பலைவிட, பழமரம் சிறிதும் இல்லாத இக்கப்பல் தன் வரலாற்றோடு இறுகப் பிணைந்திருக்கிறது என்று சொல்வது மிகையாகாது.

இதனால் ‘கான்ஸ்டிடியூஷன்’ தாழ்ந்தது என்று ஆகிவிடாது. அதன்மேல் ஏற்றிய கடன் பெரிது என்றே ஆகும். கடத்தல் அடிமைக் கப்பல்களைத் தடுக்கும் பணியில் ஆப்பிரிக்கக் கரையோரம் நின்றபோது, 1853இல் ‘கேம்பிரில்’ என்ற கப்பலைப் பிடித்தது இதுவே. இதன் விலாக்களுக்குரிய லைவ் ஓக் மரத்தை ஜார்ஜியாவின் செயின்ட் சைமன்ஸ் தீவில் காய்ச்சல் பரவிய சதுப்பு நிலத்தில் வெட்டியவர்களுள் அடிமைப்படுத்தப்பட்டோரும் இருந்தனர் என்பதும் இதே கப்பலின் வரலாறு. மாலை சூட்டும்போது இரண்டையும் சேர்த்தே சூட்ட வேண்டும். ஒன்றை மட்டும் பிரித்துச் சூட்டினால், பலகை அனைத்தும் பழையதாகவே இருந்தாலும் அது வேறு கப்பல். சமயத் தலத்தில் இதைத் தலபுராணத்தின் உண்மை என்பார்கள். அரசுச் சின்னத்துக்கும் அத்தகைய முழுமையான தலபுராணம் தேவை.

2015 முதல் 2017 வரை கப்பல் உலர்துறையில், அதாவது நீரை வடித்துக் கப்பலை வெறுந்தரையில் நிறுத்திவைக்கும் தொட்டியில், நின்றபோது அதன் அடிப்புறத்தில் 2,200 செப்புத் தகடுகளைப் புதிதாக அறைந்தார்கள். கப்பலைச் செப்பனிடத் தேவையான வெள்ளை ஓக் மரம் இந்தியானா மாநிலத்தில் கிரேன் என்னுமிடத்துக் கடற்படை நிலத்திலிருந்து வந்தது. கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ள அந்த நிலத்தில், இக்கப்பலுக்கென்றே ஒதுக்கி வளர்க்கும் ஓக் மரங்கள் நிற்கின்றன. அவற்றுள் இளையவை பலகையாகும் பருவத்தை எட்ட இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும்.