உரம் போடாத நிலம்

தியானப் பகுதி: யாத்திராகமம் 23:10, 11; மத்தேயு 5:3



இங்கிலாந்து தேசத்துப் பழைய ஆலயங்களைச் சுற்றிக் கல்லறைத் தோட்டங்கள் உண்டு. அங்கே பல இடங்களில் சபையாரும் ஊராரும் கூடி, வளாகத்தின் ஒரு பகுதியைக் காட்டுப்பூக்களுக்கென்று ஒதுக்கி வைக்கிறார்கள். தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் முள்ளெலியும் வந்து பிழைக்கட்டும் என்று! கேரிங் ஃபார் காட்ஸ் ஏக்கர் என்ற தர்ம ஸ்தாபனம் இவர்களுக்கு வழிகாட்டுகிறது.

கல்லறைத் தோட்டம் எதற்கு என்கிறீர்களா? 1930-களுக்கும் 1984-க்கும் நடுவே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பூக்கள் நிறைந்த புல்வெளிகளில் 97 சதவீதம் அழிந்துபோயின. காரணம் என்ன தெரியுமா? நிலத்தை உழுதார்கள், உரத்தைக் கொட்டினார்கள். உரம் விழுந்தால் புல் கொழுத்துப்போகும். சின்னப் பூச்செடிகளை நெருக்கி மூடிப்போடும். கல்லறை நிலத்தையோ பெரும்பாலும் யாரும் உழவில்லை, உரமும் போடவில்லை. ஆகவே பல இடங்களில் பூக்கள் அங்கே தப்பிப் பிழைத்தன. அல்லேலூயா!

அந்தத் தொண்டர்கள் செய்கிறதைக் கவனியுங்கள். வசந்தகாலம் முதல் அந்தப் பகுதியில் புல்லை வெட்டமாட்டார்கள். பூத்துக் காய்த்து விதை உதிர்ந்தபின், கோடையின் கடைசியில்தான் அறுப்பார்கள். அறுத்த புல்லை வாரி வெளியே கொண்டுபோய்விடுவார்கள். அங்கேயே கிடந்தால் மக்கி உரமாகிவிடுமே! யெல்லோ ராட்டில் என்றொரு மஞ்சள் பூச்செடியையும் இலையுதிர்காலத்தில் விதைப்பார்கள். குளிர்காலத்தின் குளிரைத் தாங்கினால்தான் அந்த விதை முளைக்கும். அதன் வேர் புல்லின் வேரைப் பிடித்து உறிஞ்சி, புல்லின் கொழுப்பை அடக்கும். புல் அடங்கின இடத்தில் பூ எழும்பும்.

பிரியமானவர்களே, நாம் எழுப்புதலுக்காக ஜெபிக்கிறோம். ஆனால் என்ன செய்கிறோம்? இன்னொரு கூட்டம், இன்னொரு கமிட்டி, இன்னொரு ஒலிபெருக்கி என்று கூட்டிக்கொண்டே போகிறோம். எதையாவது வாரி வெளியே போட்டோமா?

என் குறையையே சொல்லுகிறேன். ஒரு வருஷம் கன்வென்ஷன் வேலையில் ஓடிக்கொண்டிருந்தேன். கணவரைப் பறிகொடுத்த ஒரு தாயார் மூன்று ஞாயிறு ஆராதனை முடிந்து எனக்காகக் காத்து நின்றார்கள். "அடுத்த வாரம் பேசலாம்மா" என்று சொல்லிக் கடந்துபோனேன். நாலாவது வாரம் அவர்கள் வரவில்லை. கன்வென்ஷன் முடிந்தபிறகே வீட்டுக்குப் போனேன். "உங்களுக்கு நேரமில்லைன்னு தெரியும் பாஸ்டர், அதான் தொந்தரவு பண்ணலை" என்றார்கள். அந்த வார்த்தை என் இருதயத்தைக் குத்திற்று. ஊழியம் கொழுத்திருந்தது, பூ நசுங்கிப்போயிற்று.

அந்தத் தொண்டர்கள் புல்லை எவ்வளவு உயரமாய் வளரவிட்டாலும், துக்கப்படுகிறவர்கள் வந்துபோகிற கல்லறைகளுக்குப் பாதையை மட்டும் சீராய் வெட்டி வைப்பார்கள். நானோ பாதையையே அடைத்துவிட்டேன்.

கர்த்தர் இஸ்ரவேலுக்குச் சொன்னது என்ன? ஏழாம் வருஷம் நிலத்தை விட்டுவிடு; தானாய் விளைந்தது ஏழைகளுக்கு, அவர்கள் விட்டது காட்டு ஜீவன்களுக்கு என்றாரே! எதையும் விதைக்காத அந்த வருஷத்திலும் தேவன் எளியவனை நினைத்தார், மிருகத்தையும் நினைத்தார். ஆவியில் எளிமையுள்ளவர்களையே ஆண்டவரும் பாக்கியவான்கள் என்றார்.

ஆகவே இந்த மாதம் உங்கள் வீட்டிலும், நம் சபையிலும் ஒரு காரியத்தைக் குறைப்போம். அந்த நேரத்தில் துக்கத்தோடிருக்கிற ஒருவர் பக்கத்தில் போய் உட்காருவோம். பிரசங்கம் வேண்டாம், உட்கார்ந்தால் போதும். விதை ஏற்கெனவே மண்ணில் இருக்கிறது, விளையச்செய்கிறவர் தேவன். நம் வேலை இடம் விடுவதுதான்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்