கயிறு பிடிக்கும் கை

இன்பம் எங்கே இருக்கிறது? விதியில் என்கிறான் வைதிகன். பணப்பெட்டியில் என்கிறான் வணிகன். மனத்தை அடக்குவதில் என்கிறார் மடத்து அடிகள். நாம், தோழர்களே, விடை தேடித் தூத்துக்குடிக் கடலுக்குச் செல்வோம், வாருங்கள்!

1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரை, கல்லின் கனத்தால் கடலடிக்கு இறங்கி, மூச்சு முட்டும்வரை சிப்பி பொறுக்கினான் அந்தக் கரையின் உழைப்பாளி. சுறா வருமோ என்ற அச்சம் அவனுக்கு. அந்த அச்சமே முதலாயிற்று வேறு சிலருக்கு! சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவோருக்கு, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதாக 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைக் கண்டெழுதிய மார்க்கோ போலோ கூறுகிறார். இரவானதும் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம்! அவிழ்த்தால்தானே மறுநாளும் பங்கு? வெள்ளையர் ஆட்சியிலும் ‘கடல்கட்டி’ என்ற பெயரில் சம்பளத்தோடு தொடர்ந்தது இந்தத் தொழில்.

“மந்திரம் பொய்யாகவே இருக்கட்டும். அது தந்த ஆறுதல் மெய்தானே? அதைப் பறிப்பது அறமா?” என்று கேட்பார் உண்டு. நேர்மையான கேள்வி, நழுவ மாட்டோம். அச்சம் தணிந்தது, உண்மை. சுறா தணிந்ததா? அடியில் மூச்சுத் திணறியபோது அவனை மேலே கொண்டுவந்தது எது? கயிறு! கயிற்றைப் பிடித்திருந்த கை! மனைவியின் உடன்பிறந்தானிடமே கயிற்றைக் கொடுப்பது வழக்கம் என்பர். உடன்பிறந்தாளின் வாழ்வை எண்ணுபவன் கை தளராதல்லவா? இதுவும் நம்பிக்கைதான், ஆனால் அசைத்தால் இழுக்கும் நம்பிக்கை!

அந்தக் கயிறு மைத்துனன் கையோடு நின்றுவிட வேண்டுமா? அதே ஊரில், 1908-இல், அது குடும்பத்தைத் தாண்டி நீண்டது. பிப்ரவரி 27-இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றனர், ஊரார் உதவினர். ஆலைக்குப் பரிந்து பேசியவருக்கு முகம் மழிக்க மறுத்தார் முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர். ஒன்பது நாளில் இறங்கி வந்தது நிர்வாகம்: கூலி உயர்ந்தது, வேலைநேரம் குறைந்தது, ஞாயிறு ஓய்வுநாளாயிற்று. விலையின்றிக் கிடைத்ததா? இல்லை. மார்ச் 12-இல் தலைவர்கள் கைதாயினர்.

ஓய்வுநாளில் குழந்தையைத் தோளில் ஏந்திக் கடற்கரைக்குச் செல்லும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். அவன் சிரிப்புக்கு எந்த மந்திரம் தேவை? இரவில் அவிழ்ந்துவிடும் இன்பமா அது?

இன்பமாக வாழ வழி கேட்கும் இளைஞனே, இரண்டு கேள்விகளை உன்னையே கேட்டுக்கொள். உன் கயிறு யார் கையில்? உன் கையில் யாருடைய கயிறு? முதற்கேள்விக்கு மட்டும் விடை வைத்திருப்பவன் பிழைத்துக்கொள்வான். இரண்டுக்கும் விடை வைத்திருப்பவனே மகிழ்ந்து வாழ்வான்!